களைகொல்லிப் போரும் சட்டத்தின் இரட்டை நாவும்

2015 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் படைவீரர் நலத் திணைக்களம் ஒரு விதியைப் பிறப்பித்தது. வியட்நாமிற் களைகொல்லி தெளித்த சி-123 விமானங்கள் பின்னர் தாயகத்திற்குக் கொண்டுவரப்பட்டுச் சாதாரணப் பணிகளில் ஈடுபடுத்தப்பட்டன. வியட்நாம் மண்ணை ஒருபோதும் மிதித்திராத சேமப்படையினர் பலர் அவ்விமானங்களிற் பணிபுரிந்தனர். உட்சுவர்களிற் படிந்திருந்த எச்சம் அவர்களைத் தாக்கியிருக்கலாம் என்பதை ஏற்று, அவர்களுக்கும் நோய்க்கொடுப்பனவும் மருத்துவ உதவியும் உரியன என அவ்விதி கூறிற்று. இது நியாயமான விதியே. இதனைக் குறைகூறுவார் இலர். ஆயின், அதே விமானங்கள் பறந்து சென்ற வழியிற் கீழே வயல்களிலே நின்றவர்கள், அந்நஞ்சினைத் தலைமீதும் கிணற்றிலும் சோற்றிலும் ஏற்றவர்கள், இற்றைவரை எந்த நாட்டு நீதிமன்றத்தின் கட்டளையினாலும் ஒரு சதமேனும் பெற்றிலர். விமானத்தின் சுவரிற் படிந்த எச்சத்திற்குச் சட்டம் உண்டு. விமானத்திலிருந்து பொழிந்த மழைக்குச் சட்டம் இல்லை. இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பது ஆராயற்பாலது.

நடந்தது பற்றிப் பெரும் கருத்துவேறுபாடு இல்லை. 1962 முதல் 1971 வரை தென் வியட்நாமின் காடுகள் மீதும் பயிர்நிலங்கள் மீதும் ஏறத்தாழ ஏழரைக் கோடி லீற்றர் களைகொல்லி தெளிக்கப்பட்டது. பீப்பாக்களிற் பூசப்பட்ட வண்ணப் பட்டிகளைக் கொண்டு அவை செம்மஞ்சள், வெள்ளை, நீலம் எனப் பெயர்பெற்றன. ‘ஏஜன்ட் ஒரேஞ்ச்’ என உலகறிந்த செம்மஞ்சட் கலவையே இவற்றுட் பெரும்பங்கு. அதன் இரு கூறுகளுள் ஒன்றான 2,4,5-ரி என்னும் பொருளைத் தயாரிக்கும்போது டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு வேண்டாத விருந்தாளியாக உடன்பிறக்கின்றது. ‘நீலம்’ எனப்பட்டது ஆசனிக் சேர்ந்தது. நெற்பயிரை அழிப்பதற்கென்றே பெரிதும் பயன்பட்டது. பறப்புப் பதிவேடுகளைக் கொண்டு 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, தெளிப்பு நேரடியாக விழுந்த கிராமங்களில் 21 இலட்சம் முதல் 48 இலட்சம் வரையான மக்கள் வாழ்ந்திருப்பர் எனக் கணித்தது.

இச்செயலைத் தொடங்கியோர் சட்டத்தை எண்ணிப் பாராமல் தொடங்கினர் அல்லர். 1961 நவம்பரில் இராஜாங்கச் செயலாளர் டீன் றஸ்க் ஜனாதிபதி கென்னடிக்கு ஆலோசனை கூறியபோது, இலையுதிர்ப்பான்களின் பயன்பாடு சர்வதேசச் சட்டத்தை மீறுவதன்று என்றார். மலாயாவிற் பிரித்தானியர் ஹெலிகொப்டர்களிலிருந்து பயிரழித்தமையை முன்னுதாரணமாகக் காட்டினார். ஒரு குடியேற்றவாத அரசு தன் ஆளுகைக்குட்பட்ட மக்கள்மீது செய்ததொன்று, எவராலும் தண்டிக்கப்படாமற் போன காரணத்தினாலேயே, அடுத்த வல்லரசுக்குச் சட்ட ஆதாரமாயிற்று. தண்டிக்கப்படாத குற்றம் வழக்காறாகி, வழக்காறு உரிமையாகும் இவ்விந்தை சர்வதேசச் சட்ட வரலாற்றில் இதுவொன்று மட்டுமன்று.

1925 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை போரில் நச்சுவாயுக்களையும் அவையொத்த திரவங்களையும் தடைசெய்தது. அதிற் கையொப்பமிட்ட ஐக்கிய அமெரிக்கா, அதனை உறுதிப்படுத்தாமல் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1969 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தாவரங்களை அழிக்கும் இரசாயனங்களையும் அவ்வுடன்படிக்கை தடைசெய்கின்றது எனத் தீர்மானித்தது. ஆதரவாக 80 வாக்குகள், எதிராக மூன்று. அம்மூன்றும் ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா, போர்த்துக்கல் என்பன. 36 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. இறுதியில் 1975 இலேதான், போர் முடிவுறும் வேளையில், அமெரிக்கா உடன்படிக்கையை உறுதிப்படுத்தியது. போரிற் களைகொல்லியை முதலிற் பயன்படுத்துவதில்லை என்ற கட்டளையையும் ஜனாதிபதி போர்ட் பிறப்பித்தார். இவ்வாண்டினை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். ஏனெனில், முப்பது ஆண்டுகள் கழித்து வியட்நாமியரின் வழக்கு இந்த ஆண்டிலேதான் முட்டி வீழ்ந்தது.

இனி, நஞ்சினைத் தயாரித்த கம்பனிகளின் நிலையை நோக்குவோம். அரசு கட்டளையிட்டது, நாம் செய்தோம் என்பது அவற்றின் முதல் வாதம். ஆயின், அரசு கேட்டது களைகொல்லியை. டயொக்சினை எந்த ஒப்பந்தமும் கேட்கவில்லை. களைகளையோ காடுகளையோ அழிப்பதற்கு டயொக்சின் ஒருசிறிதும் வேண்டியதன்று. அது தயாரிப்பு முறையின் கழிவு. மிகை வெப்பத்திற் பெருகுவது. அதன் தீமையும் புதிதாக அறியப்பட்டதன்று. 1949 இல் மேற்கு வேர்ஜீனியாவின் நைற்றோ நகரிலுள்ள மொன்சாண்டோ ஆலையில் ஏற்பட்ட விபத்தின் பின், தொழிலாளர் குளோரக்னி என்னும் கடுஞ் சருமநோயினால் வாடினர். 1957 இல் அந்நோயின் காரணி டயொக்சினே என ஜேர்மனியில் இனங்காணப்பட்டது. 1965 மார்ச்சில் டவ் கம்பனி, போட்டிக் கம்பனிகள் சிலவற்றை மிட்லண்ட் நகருக்கு அழைத்து இம்மாசு பற்றிக் கலந்துரையாடியது. போட்டியாளர் ஓரறையிற் கூடுவது விலை பேசவோ ஆபத்துப் பேசவோ என்பர். இங்கு இரண்டாவதே நிகழ்ந்தது. தெளிப்பு அதன் பின்னரே உச்சத்தை அடைந்தது.

இக்கம்பனிகளை முதலில் நீதிமன்றுக்கு இழுத்தோர் அமெரிக்கப் படைவீரரே. தம் அரசின்மீது வழக்கிட அவர்களுக்கு வழியில்லை. படைச்சேவையில் நேர்ந்த தீங்குக்கு வீரர் அரசின்மீது வழக்கிட முடியாது என 1950 இலேயே அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே அவர்கள் கம்பனிகள்மீது பாய்ந்தனர். 1984 மே 7 ஆம் திகதி, விசாரணை தொடங்கவிருந்த வேளையில், ஏழு கம்பனிகள் 18 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன, பொறுப்பெதனையும் ஏற்கவில்லை. முற்றாக இயலாமையுற்ற வீரர் ஒருவர் பெறக்கூடிய உச்சத்தொகை 12,800 டொலர். உடன்பாட்டிற் சேராது விலகிநின்ற வீரரின் வழக்குகளை, நோய்க்கும் நஞ்சுக்குமுள்ள காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை எனக்கூறி, நீதியரசர் ஜக் வைன்ஸ்ரின் மறு ஆண்டிலே தள்ளுபடி செய்தார்.

அதே நீதியரசரின் முன்னிலைக்கே, 2004 ஜனவரியில், வியட்நாமியப் பாதிப்புற்றோர் சங்கத்தின் வழக்கும் வந்தது. 2005 மார்ச் 10 ஆம் திகதி அவர் 233 பக்கத் தீர்ப்பொன்றினால் அதனைத் தள்ளினார். அத்தீர்ப்பை வெறும் பாரபட்சம் என ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையான விமரிசனமாகாது. அரசின் கட்டளைப்படி செய்தோம் என்னும் வாதம் சர்வதேசச் சட்ட மீறலுக்குக் கவசமாகாது என்பதை அவர் வெளிப்படையாகவே கூறினார். நாசிகளின் முகாம்களுக்கு நச்சுவாயு வழங்கிய இரு வணிகரைப் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் 1946 இல் ஹம்பேர்க்கில் மரணதண்டனைக்குள்ளாக்கிய வழக்கு அவருக்குத் தெரியாததன்று. அங்கு மட்டும் அவர் நின்றிருப்பின் தீர்ப்பு வரலாறாகியிருக்கும். ஆனால் அடுத்த படியில் அவர் கூறியது யாது? 1975 க்கு முன்னர் அமெரிக்காவைக் கட்டுப்படுத்தும் தடை எதுவும் இருக்கவில்லை; களைகொல்லி சட்டம் கருதிய ‘நஞ்சு’ அன்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008 பெப்ரவரியில் இதனை உறுதிசெய்தது. பதுங்கித் தாக்குவோரிடமிருந்து படையைக் காக்கவே இப்பொருள் பயன்பட்டது, மனிதரைக் கொல்லும் நோக்குடன் அன்று என்பது அதன் நியாயம். 2009 மார்ச்சில் உயர் நீதிமன்றம் வழக்கை ஏற்கவே மறுத்தது.

இந்நியாயத்தில் இரு பெரும் பொத்தல்கள் உள. ஒன்று, நெல் பதுங்கித் தாக்குவதில்லை. தெளிப்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு பயிரழிப்புக்கென்றே மேற்கொள்ளப்பட்டது. உணவை அழித்தல் படையைக் காத்தலாகுமெனின், பட்டினியும் ஒரு கேடயமே என்றாகிவிடும். 1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் நஞ்சினைப் பொதுப்படத் தடைசெய்கின்றன. நோக்கத்தை நுழைத்து நஞ்சுக்கு நற்சான்று வழங்கியது நீதிமன்றமே. மற்றொன்று, உடன்படிக்கையை உறுதிப்படுத்தாது ஐம்பதாண்டு தாமதித்தவரும், உலகம் அதற்குப் பொருள் கூறியபோது எதிர்த்து வாக்களித்தவரும் ஒருவரே. அவருடைய மறுப்பே தடை இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகின்றது. கடனாளி கடன்பத்திரத்திற் கையெழுத்திட மறுத்ததனையே கடன் இல்லை என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளும் நியாயம் இது.

அமெரிக்க உள்நாட்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த கோரிக்கைகளோ ‘அரச ஒப்பந்தகாரர்’ என்னும் பாதுகாப்பில் மோதி வீழ்ந்தன: அரசு அறிந்தே வாங்கிற்று, ஆதலாற் கம்பனிகள்மீது பொறுப்பில்லை. அப்படியாயின் பொறுப்பு அரசினுடையதா? அரசு இறைமை விலக்குரிமை உடையது. அதனைக் கூண்டிலேற்ற முடியாது. 1984 இற் செலுத்திய பணத்தை மீளத் தருமாறு ஹேர்க்கியுலிஸ், தொம்சன் என்னும் இரு கம்பனிகள் அரசைக் கேட்டதும் உண்டு. 1996 இல் உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. அரசு அத்தகைய பொறுப்பெதனையும் ஏற்றிருக்கவில்லை என்றது. கிராமத்தவரை நோக்கி, அரசே பொறுப்பு, கம்பனியன்று என்பர். கம்பனியை நோக்கி, அரசு பொறுப்பன்று என்பர். இரு கதவுகளுக்கிடையே பொறுப்பு என்னும் பொருள் ஆவியாகிப் போயிற்று.

நஞ்சுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு ஐயந்திரிபற நிறுவப்படவில்லையே என்று கேட்போர் பல்கலைக்கழகங்களிலும் உளர். அவர்களது கேள்வி இழிவானதன்று. ஒரு தனிக் குழந்தையின் பிறவிக்குறை ஒரு குறித்த தெளிப்பினால் விளைந்தது என நிறுவுதல் உண்மையிலேயே அரிது. குறைபாடு கொண்ட ஒவ்வொரு குழந்தையையும் டயொக்சினின் கணக்கில் எழுதுவோர் தம் வழக்கைத் தாமே கெடுக்கின்றனர். ஆயின் இதே அரிய நிலையை அமெரிக்கா தன் வீரர்களுக்கு எவ்வாறு தீர்த்தது? 1991 ஆம் ஆண்டின் சட்டம் நிரூபணச் சுமையை நீக்கிற்று. வியட்நாமிற் பணிபுரிந்தமையும் குறித்த நோய்களுள் ஒன்று கண்டமையும் போதும். தொடர்பு உண்டென்பது அனுமானிக்கப்படும். வீரர்களின் பிள்ளைகளுள் முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்தோருக்கு 1996 ஆம் ஆண்டின் சட்டம் உதவி வழங்கிற்று. 2022 இல் உயர் இரத்த அழுத்தமும் பட்டியலிற் சேர்ந்தது. விஞ்ஞானத்தின் ஐயம் ஒன்றே. அதன் பயன் ஒரு சாராருக்குச் சாதகமாகவும் மறுசாராருக்குப் பாதகமாகவும் வழங்கப்பட்டது. வீரருக்கு இதனை ஈட்டித் தந்தது நீதிமன்றமன்று, வாக்குரிமை. வியட்நாமியக் குடியானவருக்கு அமெரிக்கக் காங்கிரசில் வாக்கு இல்லை.

ஏனைய நாடுகளின் நீதிமன்றங்களும் பெரிதாக ஒன்றும் சாதித்தில. வியட்நாமில் அமெரிக்காவின் துணைப்படையாக நின்ற தென் கொரிய வீரர் ஏறத்தாழ 6,800 பேருக்கு டவ், மொன்சாண்டோ ஆகியன நட்டஈடு வழங்கவேண்டுமென 2006 இற் சியோல் மேல் நீதிமன்றம் கட்டளையிட்டபோது பலர் மகிழ்ந்தனர்; 2013 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதனைக் குளோரக்னி கண்ட 39 பேருக்குச் சுருக்கிற்று. பிரான்சில் வாழும் முன்னாட் பத்திரிகையாளர் திரான் தோ ங்கா 14 கம்பனிகள்மீது தொடுத்த வழக்கை 2021 மே மாதத்தில் எவ்ரி நீதிமன்றமும், 2024 ஓகஸ்டிற் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தன. இறைமையுள்ள அரசின் பொருட்டுச் செயற்பட்டோருக்கும் அவ்வரசின் விலக்குரிமை உண்டென்பதே அங்கும் சொல்லப்பட்ட காரணம். ஒரு வணிகக் கம்பனி இலாபத்தைத் தனக்கென வைத்துக்கொண்டு, பொறுப்பு வரும்போது மட்டும் அரசின் அங்கியை எடுத்துப் போர்த்துக்கொள்ள இயலும் என்பதைப் பிரெஞ்சுக் குடியரசின் நீதிமன்றங்கள் நமக்குக் கற்பித்துள்ளன.

அமெரிக்கா ஒன்றுமே செய்யவில்லையா எனக் கேட்கலாம். செய்கின்றது. 2012 முதல் 2018 வரை டா நாங் விமானத்தளத்தின் மண் அமெரிக்கப் பணத்தாற் சுத்திகரிக்கப்பட்டது. அதனினும் மாசுற்ற பியென் ஹோவாவில் 2019 இல் வேலை தொடங்கிற்று. ஆனால் இப்பணம் நட்டஈடு எனப் பெயர்பெறாது. உதவி என்றே பெயர்பெறும். பெயரில் என்ன உண்டு என்போர் 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தை நினைவுகூர்க. வொஷிங்டனில் வெளிநாட்டு உதவி திடீரென முடக்கப்பட்டபோது பியென் ஹோவாவில் வேலை நின்றது; தோண்டிய நச்சுமண் திறந்தபடி கிடந்தது; வாரங்கள் கழிந்தே வேலை மீளத் தொடங்கிற்று. கடனாயின் அதனை நிறுத்துவோர் நீதிமன்றுக்குப் பதில் கூறவேண்டும். உதவியாயின் எவருக்கும் பதில் கூறவேண்டியதில்லை. 1973 இல் ஜனாதிபதி நிக்சன் ஹனோய்க்கு எழுதிய கடிதத்திற் குறித்த 325 கோடி டொலர் புனரமைப்புப் பணமும் இத்தகைய உதவியாகவே கருதப்பட்டு, செலுத்தப்படாமலே மறைந்தது.

அணுவாயுதங்கள் பற்றிய 1996 ஆம் ஆண்டின் சர்வதேச நீதிமன்ற ஆலோசனைக் கருத்துக்கு மாறுபட்டு எழுதிய இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி, இன்னும் பிறவாத தலைமுறைகளின் உரிமையையும் நீதிமன்றம் கேட்டல் வேண்டும் என்றார். களைகொல்லி வழக்குகளில் அக்குரல் ஒலிக்கவேயில்லை. வீரருக்கு 1991 இல் வழங்கிய அதே அனுமானத்தை வியட்நாமியருக்கும் வழங்குவதற்குப் புதிய விஞ்ஞானமோ புதிய சர்வதேச நீதிமன்றமோ தேவையில்லை. ஒரு சட்டமூலம் போதும். வியட்நாமியரையும், பாதிப்புற்றோரின் சந்ததியினரையும் உள்ளடக்கிய நிவாரணச் சட்டமூலம் அமெரிக்கக் காங்கிரசிற் பலமுறை முன்வைக்கப்பட்டுள்ளது. ஒருமுறையேனும் அது நிறைவேற்றப்படவில்லை.