தண்ணியில்லாத காட்டிலிருந்து தமிழ் சினிமாவுக்கு

செமஸ்டர் முடிஞ்ச கையோட நாலஞ்சு படமும் ஒரு கொரியன் சீரியலும் பார்த்தேன். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா விமர்சனம் எழுதலாம்னுதான் நினைச்சேன். ஆனா எல்லாத்தையும் வரிசையா பார்த்ததுல வேற ஒரு எரிச்சல் கிளம்பிடுச்சு. அதனால இது விமர்சனம் இல்லை, சண்டை. முன்னாடியே சொல்லிட்டேன்.

முதல்ல அந்த வசனம். உங்களுக்கே மனப்பாடமா இருக்கும். அமைச்சரோ உயரதிகாரியோ, எதிர்ல நிக்கிற நேர்மையான போலீஸைப் பார்த்து, "தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கி அடிச்சிருவேன்"னு மிரட்டுவார். சில படத்துல ஊர் பேரையே சொல்லிடுவாங்க: ராமநாதபுரம். தியேட்டர்ல சிரிப்பாங்க. டிவி காமெடி நிகழ்ச்சியிலயும் அதே ஜோக், அதே சிரிப்பு. நாங்களும் சேர்ந்துதான் சிரிக்கிறோம், அதுதான் கொடுமை. பிறந்து வளர்ந்த ஊரை ஒருத்தர் தண்டனைன்னு சொல்றார், அதைக் காசு குடுத்து டிக்கெட் வாங்கிக் கேக்குறோம்.

சரி, மேட்டருக்கு வர்றேன். என் குற்றச்சாட்டு ஒண்ணே ஒண்ணுதான். சினிமாவுக்கு எங்க மாவட்டம் வந்துட்டுப் போற இடம். இங்க ஒருத்தன் வீடு கட்டி, கடன் வாங்கி, கல்யாணம் பண்ணி, இங்கேயே வாழ்றான்ங்கிற விஷயம் அதுக்குத் தெரியவே தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்க.

‘அயோத்தி’ (2023). வடக்கேயிருந்து ராமேஸ்வரத்துக்குப் புண்ணியம் தேடி ஒரு குடும்பம் வருது. மதுரையிலிருந்து வர்ற வழியில விபத்து. அம்மா இறந்துடறாங்க. உடலை ஊருக்கு அனுப்பப் படாதபாடு.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025). இலங்கையிலிருந்து ராத்திரியில படகேறி ராமேஸ்வரம் கரையில ஒரு குடும்பம் இறங்குது. போலீஸ்ல மாட்டி, தப்பிச்சு, நேரா சென்னைக்குப் போயிடுது. (ரெண்டு படத்துலயும் சசிகுமார்தான். மனுஷனுக்கு எங்க ஊர் ராசி போல :-))

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). அகதியா வந்த பெண் ராமேஸ்வரத்துல குழந்தையைப் பெத்துப் போட்டுட்டுத் திரும்பிப் போயிடுறா. குழந்தை வளர்றது சென்னையில. ‘ராமேஸ்வரம்’னே பேர் வெச்சு 2007-ல ஜீவா நடிச்சு ஒரு படம் வந்துச்சு. அதுலயும் நாயகன் அகதி. இந்திக்காரங்களையும் விட வேண்டாம். ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ (2013) படத்துல ஷாருக் கானுக்கு ராமேஸ்வரத்துல இருக்கிற ஒரே வேலை, தாத்தாவோட அஸ்தியைக் கரைக்கிறது.

பக்தர், அகதி, அஸ்தி, இதோட தண்டனையா மாத்தப்பட்ட போலீஸ். இந்த நாலு பேருக்கும் நடுவுல நாங்க எங்கே?

இந்தப் படங்களைக் குறை சொல்லலை. ‘அயோத்தி’யில கடைசியா நாயகன் தன் பேரைச் சொல்ற இடத்துல எனக்கும் கண்ணு கலங்குச்சு. அகதிகள் இந்தக் கரையில வந்து இறங்கினது நிஜம், மண்டபம் முகாம் நிஜம், அந்தக் கதைகளைச் சொல்லத்தான் வேணும். பிரச்சினை ஒரு படத்துல இல்லை. இருபது வருஷமா எல்லாரும் அதே வாசல் வழியா உள்ளே வந்து அதே வாசல் வழியா வெளியே போறாங்களே, அதுலதான்.

டிவி செய்தி மட்டும் என்ன வாழுது? எங்க ஊர் டிவியில வர்றதுக்கு மூணே சந்தர்ப்பம். பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினா. மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடிச்சா. ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்துல கூட்டம் கூடினா. நாலாவதா புதுப் பாம்பன் பாலம், 2025 ஏப்ரல்ல திறந்தப்போ ரெண்டு நாள் ஓட்டினாங்க. அதோட சரி.

இப்ப அந்தத் "தண்ணியில்லாத காடு" விஷயம். வறட்சி இல்லைன்னு சொன்னா நான் பொய்யன். குடத்தைத் தள்ளுவண்டியில அடுக்கிக்கிட்டுத் தண்ணிக்கு அலையற பெண்களைப் பார்த்துத்தான் நாங்க வளர்ந்தோம். கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறதும் நிஜம். ஆனா அதே மாவட்டத்துலதான் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் இருக்கு. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை"ன்னு பழமொழியே உண்டு. நாரையால பறந்து கடக்க முடியாத அளவு பெரிசு, அதுல 48 மடைன்னு அர்த்தம். மழையை நம்பி வாழ்ற ஊருக்கு எப்படித் தண்ணியைத் தேக்கணும்னு தெரிஞ்சவங்க கட்டினது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022-லயும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025-லயும் ராம்சர் பட்டியல்ல சேர்ந்திருக்கு. ராம்சர்ங்கிறது உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளுக்குக் குடுக்கிற அந்தஸ்து. "தண்ணியில்லாத காட்டுல" நாலு! பறவைக்குத் தெரிஞ்சது வசனகர்த்தாவுக்குத் தெரியலை.

இது வெறும் ரோஷம்னு நினைக்காதீங்க. நான் பிளஸ் டூ படிக்கிறப்ப கணக்குப் பதிவியலுக்கு ஒரு சார் வந்தார். நல்லாத்தான் நடத்தினார். மூணே மாசத்துல மாறுதல் வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். அப்புறம் பாதி வருஷம் அந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை. ஐந்தொகையை நாங்களே கைடு பார்த்து டேலி பண்ணக் கத்துக்கிட்டோம். அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. வேலை உத்தரவுல ஊர் பேரைப் பார்த்ததுமே அவர் காதுல அந்த வசனம்தான் கேட்டிருக்கும். இங்கே வர்ற டாக்டர், வாத்தியார், அதிகாரி எத்தனை பேர் வந்த அன்னிக்கே போற நாளை எண்ண ஆரம்பிக்கிறாங்கன்னு எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க. 2018-ல மத்திய அரசு போட்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியல்ல தமிழ்நாட்டுலேர்ந்து ரெண்டே மாவட்டம். விருதுநகரும் நாங்களும். பின்தங்கின மாவட்டத்துக்கு முதல்ல வேண்டியது தங்கி வேலை பார்க்கிற ஆட்கள். இங்கே வர்றதே தண்டனைன்னு நாற்பது படத்துல சொல்லிட்டா எவன் தங்குவான்?

அடுத்தது மீனவர். சினிமா மீனவனுக்கு வேலை ரெண்டு. கரையில காதலிக்கணும், கடல்ல சாகணும். சீனு ராமசாமியோட ‘நீர்ப்பறவை’ (2012) கடல்ல சுடப்பட்டுச் செத்தவனோட பெண்டாட்டி கேக்குற கேள்வியைக் கேட்டுச்சு, அதுக்கு என் வணக்கம். லீனா மணிமேகலை ‘செங்கடல்’ எடுத்தாங்க. தனுஷ்கோடியில, நிஜ மீனவர்களையும் அகதிகளையும் வெச்சு. சென்சார் போர்டு மறுத்து, தீர்ப்பாயம் வரைக்கும் போய், 2011-லதான் சான்றிதழ் கிடைச்சுது. எங்க ஊர்க்காரங்க நடிச்ச படத்தை எங்க ஊர்ல எத்தனை பேர் பார்த்திருப்பாங்க? என் தெருவுல யாரும் இல்லை.

நான் காமர்ஸ் மாணவன், அதனால கணக்காவே கேக்குறேன். ஒரு விசைப்படகு கடலுக்குப் போயிட்டு வர்ற வரவு செலவை வெச்சு ஒரு படம் எடுக்க முடியாதா? திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மத்த நாள் நாட்டுப்படகுக்கு. டோக்கன் வாங்கணும். டீசல் போடணும், ஐஸ் ஏத்தணும். இறால் பட்டாலும் விலையைச் சொல்றது வியாபாரி, படகுக்காரன் இல்லை. செலவைக் கழிச்சு ஓனருக்குப் பங்கு, ஆட்களுக்குப் பங்கு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அந்த ரெண்டு மாசம் அடுப்பு எரிய வட்டிக்கு வாங்கணும். படகை அந்தப் பக்கம் பிடிச்சுட்டா ஆள் திரும்பி வருவான், படகு திரும்பாது, கடன் மட்டும் இங்கேயே நிக்கும். வில்லனே தேவையில்லையே சார் இதுக்கு!

இன்னும் ஒண்ணு இருக்கு, அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. சினிமாவுல நம்ம மீனவன் நல்லவன், இலங்கைக் கடற்படை கெட்டவன், கதை முடிஞ்சுது. ஆனா நம்ம விசைப்படகோட இழுவைமடி அறுத்துட்டுப் போற வலை யாரோடது? யாழ்ப்பாணம், மன்னார் மீனவனோடது. அவனும் தமிழன்தான். முப்பது வருஷப் போர்ல கடலுக்கே போக முடியாம இருந்து, இப்பத்தான் வலை வாங்கியிருக்கான். இலங்கை 2017-ல இழுவைமடிக்குச் சட்டம் போட்டே தடை விதிச்சதுக்கு அவனோட போராட்டமும் ஒரு காரணம். நம்ம நாட்டுப்படகுக்காரங்களே இழுவைமடியைத் திட்டுறாங்க. கரை ரெண்டு, மொழி ஒண்ணு, வயிறு ரெண்டு. இதை எடுத்தா யாருக்குக் கைதட்டுறதுன்னு ரசிகனுக்குக் குழப்பம் வரும். வரட்டுமே! அதுக்குத்தானே படம்.

கடைசியா அந்தக் கொரியன் சீரியல். ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ (2025). எங்க வகுப்புல பாதிப் பேர் பார்த்து அழுதாச்சு. நாயகியோட அம்மா ஜெஜூ தீவுல மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில போய்ச் சிப்பி எடுக்கிறவங்க. என்னா பொம்பளை, என்னா தைரியம்னு கேண்டீன்ல ஒரே பேச்சு. அம்மணிகளா, பாம்பன் சின்னப்பாலத்துக்கு ஒரு நாள் வாங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, சேலையோட முங்கிக் கடல்பாசி எடுக்கிற பெண்களைக் காட்டுறேன். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. அவங்க எடுக்கிற பாசியிலிருந்து வர்ற அகார் வெளியூர்க் கம்பெனிகளுக்குப் போகுது. தீவுகளைச் சுத்தி தேசியப் பூங்கா இருக்கிறதால வனத்துறையோடவும் தினசரி மல்லுக்கட்டு. அவங்கள்ல லட்சுமி அக்காவுக்கு 2015-ல ‘சீகாலஜி’ங்கிற சர்வதேச விருது கிடைச்சுது. வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்சுட்டான். கோடம்பாக்கம் இன்னும் கண்டுபிடிக்கலை.

‘இராவண கோட்டம்’ (2023) ஒரு நல்ல முயற்சின்னு ஒத்துக்கறேன். சீமைக்கருவேலத்தையும் அதுக்குப் பின்னாடி இருக்கிற அரசியலையும் பேச வந்துச்சு. இயக்குநர் விக்ரம் சுகுமாரன் இந்த மண்ணை அறிஞ்சவர், 2025-ல காலமாயிட்டார். ஆனா மரத்துல ஆரம்பிச்ச படம் மேலத்தெரு கீழத்தெரு சண்டையில போய் முடிஞ்சுது. சாதிச் சண்டை இங்க இல்லைன்னு சொல்லலை. அது வந்ததும் மரம் காணாமப் போயிடுச்சுங்கிறேன்.

"சினிமாதானே, பொழுதுபோக்குதானே, விடு"ன்னு சொல்வீங்க. கும்பளங்கின்னு ஒரு ஊரை 2019-க்கு முன்னாடி உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ‘கும்பளங்கி நைட்ஸ்’ பார்த்துட்டு அந்த ஊர்ல ஒரு வீடு இருந்தா நல்லாயிருக்கும்னு சொன்னவங்க என் நண்பர்கள்லயே இருக்காங்க. அந்தப் படத்துல காட்டினது இடிஞ்ச வீடு, உப்புத் தண்ணி, சண்டை போடுற அண்ணன் தம்பி. ஆனா அவங்க அங்கேயே இருந்தாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆள் இல்லைன்னும் சொல்ல முடியாது. கமல் பரமக்குடி. ராஜ்கிரண் கீழக்கரை. செந்தில் முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூர். எங்க மாவட்டம் சினிமாவுக்கு நிறையவே குடுத்திருக்கு. பதிலுக்கு ஒரு வீட்டைத்தான் கேக்குறோம். திரையில, எங்க ஊர்ல, விளக்கெரியிற ஒரு வீடு.

அது வர்ற வரைக்கும் உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எவனாவது திரையில "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்"னு சொன்னா சிரிக்காதீங்க. பக்கத்து சீட்டுல நான் இருக்கலாம்.

டிஸ்கி: தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச் முன்னாடி நின்னு ரீல்ஸ் எடுக்கிற நண்பர்களுக்கு. 1964 புயலோட அந்த ஊர் முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. இன்னமும் அங்க மீனவக் குடும்பங்கள் குடியிருக்கு. அவங்ககிட்ட மீன் வாங்கிச் சாப்பிட்டுட்டு வாங்க. காசை மறக்காம குடுங்க.