கோயில் பிழைத்தது, ஊர்?



ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்குப் போகிற வாய்ப்பு அமைந்தால், அரண்மனையைப் பார்த்த கையோடு அருகில் மேட்டுப் பூங்காவில் இருக்கும் தெபோத் கோயிலுக்கும் போய் வாருங்கள். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் அஸ்வானுக்குத் தெற்கே நைல் கரையில், மெரோவே அரசர் அதிகலமானி ஆமுன் தெய்வத்துக்காகத் தொடங்கிய கோயில் அது. பின்னால் வந்த தாலமி மன்னர்கள் அதைப் பெரிதாக்கி, ஐசிஸ் தேவிக்கும் உரியதாக்கினார்கள்.

அஸ்வான் உயர் அணை வந்தால் அந்த நைல் கரைப் பகுதியான நூபியாவின் பெரும்பகுதி மூழ்கும் என்ற நிலையில், 1960இல் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. கைகொடுத்த நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. அதற்கு நன்றியாக 1968இல் எகிப்து இந்தக் கோயிலையே கொடுத்தது. பிரித்து வைத்திருந்த கற்கள் 1970இல் கப்பலேறின. 1972இல் கோயில் மாட்ரிட்டில் எழுந்து நின்றது, பழையபடியே கிழக்கு பார்த்து.

உட்புறச் சிற்றறையின் சுவர் அருகே பொறுமையாக நில்லுங்கள். தெய்வங்களுக்கு அரசர் படையலிடும் காட்சிகள், உளித்தடத்தோடு, வரிசை வரிசையாகத் தெரியும். இழந்த கற்களுக்குப் பதிலாக வைத்த புதிய கற்கள் நிறத்தில் வேறுபடுகின்றன. எது பழையது, எது நாம் சேர்த்தது என்பதை மறைக்காத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால், கோயிலை இடம்பெயர வைத்த அதே அணைக்காக எகிப்திலும் சூடானிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் நூபிய மக்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். எகிப்திய நூபியர்களைக் கோம் ஓம்போ பக்கம் குடியமர்த்தினார்கள். தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஆறு எட்டாத தூரமானது. ஊரும் பேரீச்சந்தோப்பும் முன்னோரின் கல்லறைகளும் நீருக்குள் போயின. கற்களுக்கு எண்ணிட்டுக் காப்பாற்றிய உலகம், அந்த மக்களின் வாழ்க்கைக்கு அதே அக்கறையைக் காட்டவில்லை. கோயிலைக் காத்தது மகத்தான பணி. அந்தக் கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பணி நிறைவுபெறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அணைக்காகவோ ஆலைக்காகவோ சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஊரின் பெயர், தெருக்கள், திருவிழா என்று அவர்கள் நினைவிலிருப்பதைக் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். கட்டாயம் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்