அடி தெரியும், கொள்ளளவு தெரியுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் எழுத்தறியாத மூதாட்டியும் மூன்று எண்களைத் தவறாமல் சொல்வார். 136, 142, 152 என்பன அவ்வெண்கள். முல்லைப் பெரியாற்று அணையின் நீர்மட்டத்தைக் குறிக்கும் அடிக்கணக்கு அது. தேநீர்க் கடையிலும் வயல் வரப்பிலும் திருமண வீட்டிலும் அதுவே பேச்சு. 2011-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பல்லாயிரவர் குமுளி நோக்கித் திரண்டபோது, அவர்கள் நெஞ்சிலும் நாவிலும் நின்றவை இவ்வெண்களே. உரிமை பறிபோவதை உணர்ந்த மக்களின் எழுச்சி அது, அதில் ஐயமில்லை.

ஆயின், அதே பள்ளத்தாக்கில் பத்தாம் வகுப்புப் பயிலும் மாணவன் ஒருவனை நிறுத்தி, "142 அடிக்கும் 152 அடிக்கும் இடையே எவ்வளவு நீர் நிற்கும்?" என்று வினவினால் என்ன விடை வரும்? "பத்தடி நீர்" என்பான். பத்தடி என்பது உயரம். அது நீரின் அளவன்று. நீரை அளக்க உயரம் மட்டும் போதாது, பரப்பும் வேண்டும். பரப்பை உயரத்தால் பெருக்கினால் வருவதே கொள்ளளவு. இதே மாணவன் உருளைக்கும் கூம்புக்கும் கோளத்திற்கும் உரிய வாய்பாடுகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுவான். ஒப்பிக்கத் தெரிந்தவனுக்குத் தன் ஊர் நீரை அளக்கத் தெரியவில்லை எனில், பிழை மாணவனிடத்தில் இல்லை. கற்பித்த முறையில் இருக்கிறது.

அக்கணக்கை இங்கே செய்து பார்த்தல் நன்று. பெரியாற்று அணையில் 104 அடிக்குக் கீழ் நிற்கும் நீர் தமிழகத்திற்கு வாராது; அதற்குமேல் நிற்பதே மலையைக் குடைந்த சுருங்கை வழியாகக் கிழக்கே இறங்கும். 104 அடியிலிருந்து 152 அடி வரை, அஃதாவது 48 அடி உயரத்தில், நிற்கக்கூடிய நீர் ஏறத்தாழ 1,056 கோடி கன அடி. 104 அடியிலிருந்து 142 அடி வரை, அஃதாவது 38 அடி உயரத்தில், நிற்பது ஏறத்தாழ 766 கோடி கன அடி. எனவே மேலுள்ள பத்தடியில் மட்டும் நிற்பது 290 கோடி கன அடி. கீழே அடி ஒன்றுக்கு 20 கோடி கன அடி. மேலே அடி ஒன்றுக்கு 29 கோடி கன அடி. உயரத்தில் அந்தப் பத்தடி நூற்றுக்கு இருபத்தொன்றுதான். நீரிலோ நூற்றுக்கு இருபத்தேழு.

இவ்வேறுபாட்டிற்குக் கரணியம் என்ன? நீர்த்தேக்கம் உருளை வடிவினதன்று. மலைகளுக்கிடையே அடி குறுகி மேலே அகன்று கிடக்கும் பள்ளம் அது. 29 கோடி கன அடியை ஓரடி உயரத்தால் வகுத்தால் 29 கோடி சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி ஆதலின், மேலடுக்கின் பரப்பு ஏறத்தாழ 6,650 ஏக்கர். கீழடுக்குகளின் பரப்பை ஒத்துப் பார்த்தால் ஏறத்தாழ 4,630 ஏக்கரே. கூம்பு ஒன்றைத் தலைகீழாக நிறுத்திப் பாதி உயரத்திற்கு நீரூற்றினால் பாதி நிறைந்ததாகக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் நிறைந்தது எட்டில் ஒரு பங்கே. எஞ்சிய ஏழு பங்கும் மேற்பாதியில் நிற்பவை. இவ்வுண்மையை அறியாதவன் "பத்தடிதானே போயிற்று" என்று ஆறுதல் கொள்வான். அறிந்தவன் அவ்வாறு கொள்ளான்.

கணக்கை இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் பொருள் முற்றும் விளங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்று அரசே கணக்கிடுகிறது. அது 64 கோடி சதுர அடி. மேலுள்ள பத்தடியின் 290 கோடி கன அடி நீரை இந்நிலம் முழுவதும் பரப்பினால், கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை ஒவ்வொரு வயலிலும் நான்கரை அடி உயரத்திற்கு நீர் நிற்கும். ஆள் இறங்கினால் மார்பளவு! ஒரு போக நெல் நடவு முதல் அறுவடை வரை கொள்ளும் நீர் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர், அஃதாவது நான்கடி, என்று வேளாண் அறிஞர் கணக்கிடுவர். ஆகவே, 'பத்தடி' என்னும் சிறு சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பது பள்ளத்தாக்கின் இருபோக நிலம் முழுமைக்கும் வேண்டிய ஒரு போகத்து நீர். அந்நீர் முழுவதும் இப்பள்ளத்தாக்கிற்கே உரியதன்று. வைகை வழியே மதுரைச் சீமைக்கும் அதற்கப்பாலும் செல்ல வேண்டும். கசிந்தும் ஆவியாகியும் குறையும். எனினும் இழப்பின் பருமையை அறிவதற்கு இக்கணக்குப் போதும்.

1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்சநயன்மன்றம் வழங்கிய தீர்ப்பின்படி 142 அடி வரை தேக்க வழி பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அம்மட்டத்தைத் தொட்டது. 152 அடி இன்னும் எட்டாமல் நிற்கிறது. அணையின் வலிமை பற்றிய வழக்கு வேறு. அதை வல்லுநர் ஆய்ந்து சொல்லட்டும். இங்குச் சுட்ட வேண்டுவது வேறொன்று. உயரத்தை மட்டும் முழங்கும் மக்கள், கொள்ளளவைக் கணக்கிட்டுக் காட்டும் மக்களைப் போல் வழக்காட இயலாது.

1886-ஆம் ஆண்டு அத்தோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் பெரியாற்று உடன்படிக்கையை எழுதிய ஆங்கிலேயர் இதை நன்கறிந்திருந்தனர். ஆற்றுப் படுகையின் அடியாழத்திலிருந்து 155 அடி உயரத்தில் ஒரு கோடு சுற்றி வரும்; அதற்குக் கீழ்ப்பட்ட நிலமெல்லாம் குத்தகைக்கு உரியது என்று எழுதினர். அந்நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து உருபா. ஆக 40,000 உருபா. காலம் 999 ஆண்டு. எல்லையை உயரத்தால் வரைந்தனர், குத்தகையைப் பரப்பால் கணக்கிட்டனர், பெற்றதோ கொள்ளளவு. பத்தாம் வகுப்பில் 'அளவியல்' என்று பயிற்றப்படும் பாடம் முழுவதும் அந்த ஒரே உடன்படிக்கையில் அடங்கிக் கிடக்கிறது. ஆயினும் எத்தனை வகுப்பறைகளில் அது கரும்பலகைக்கு வந்தது?

வராமைக்குத் தலையாய கரணியம், கணக்குப் பாடத்தில் சொல்லும் பொருளும் பிரிந்து நிற்பதே. 'கொள்ளளவு' என்று சொன்ன அளவிலேயே, ஒன்று எவ்வளவு கொள்ளும் என்பது குழந்தைக்கு விளங்குகிறது. 'புறப்பரப்பு' என்றால் சுண்ணாம்பு அடிக்க வேண்டிய இடம் எது என்பது விளங்குகிறது. உருள்வது உருளை. மாலையில் தாமரை கூம்பும். வணங்கும் கைகள் கூம்பும். கலத்தின் பாய்மரத்திற்கும் முன்னோர் கூம்பு என்றே பெயரிட்டனர். ஆதலின் அகன்று தொடங்கி ஒரு முனையில் குவியும் வடிவம் கூம்பு. இச்சொற்கள் ஒவ்வொன்றும் பாதி விடையைத் தமக்குள் வைத்திருக்கின்றன. இவற்றை நீக்கி, 'வால்யூம்' என்றும் 'சர்பேசு ஏரியா' என்றும் குழந்தையின் காதில் ஓதினால் என்ன ஆகும்? வால்யூம் என்பது அக்குழந்தைக்குத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும் பொத்தான்! தொட்டியின் நீருக்கும் அப்பொத்தானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கவும் அறியாமல், அது வாய்பாட்டை மட்டும் உருப்போடுகிறது. விளங்காத சொல்லுக்கு உருப்போடுதல் ஒன்றே புகல்.

2013-2014 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. தோட்டக் கூலியாகப் பிழைக்கும் தாயும் தன் மகன் உயர வேண்டும் என்ற வேட்கையால் அவனை அதில் சேர்க்கிறாள். அவள் வேட்கையைப் பழிப்பது அறமன்று. ஆனால் அவளிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பது வேறு, கணக்கை விளங்காத மொழியில் கற்பது வேறு. முன்னது செல்வம், பின்னது கண்ணைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடத்தல்.

தமிழ்வழியில் பயில்வதனாலேயே எல்லாம் விளங்கிவிடும் என்று இறுமாப்பதும் தவறு. தமிழில் உருப்போடுவதும் உருப்போடுதலே. 'கொள்ளளவு' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு குடத்தையேனும் ஒரு தொட்டியையேனும் மாணவனைக் கொண்டு அளக்கச் செய்யாத ஆசிரியர், தமிழுக்கு ஆக்கம் செய்தவர் ஆகார். நல்ல சொல்லைப் பயனின்றிக் கிடக்க விட்டவரே ஆவார். தமிழ்ப் பற்றாளர்கள் இக்குறையை முதலில் தம் வீட்டிலும் வகுப்பறையிலும் களைதல் வேண்டும்.

முன்னோர் கணக்கு இவ்வாறு இருந்ததில்லை. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய நிலத்தைக் குழி என்றனர்; நூறு குழி ஒரு மா; இருபது மா ஒரு வேலி. கோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், நீளத்தை அகலத்தால் பெருக்குவதே பரப்பு என்னும் கருத்து உழவன் கையிலேயே கோலாக இருந்தது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் வட்ட நிலத்தின் பரப்பைக் காண ஒரு வழி கூறுகிறது: விட்டத்தில் பாதியைச் சுற்றளவில் பாதியால் பெருக்குக, வருவது குழி. இவ்வழிக்குக் கிரேக்க எழுத்தும் வேண்டா. ஒரு கயிறு போதும். குறுக்கே ஒரு முறை, சுற்றி ஒரு முறை அளந்தால் முடிந்தது.

சின்னமனூர்ப் பக்கத்துக் கொடிமுந்திரித் தோட்டத்தில் வட்டக் கிணறு ஒன்று இருப்பதாகக் கொள்க. குறுக்கே 14 அடி; சுற்றினால் 44 அடி. பாதி 7; பாதி 22; பெருக்கினால் 154 சதுர அடி. நீர் 30 அடி ஆழம் நின்றால் 4,620 கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 இலிட்டர் ஆதலின், கிணற்றில் நிற்பது 1,30,000 இலிட்டருக்குச் சற்று மிகுதி. எத்தனை கொடிக்கு எத்தனை நாள் பாயும் என்பதை இனி உழவனே சொல்லிவிடுவான். இரண்டங்குலக் குழாயை நீக்கி நான்கங்குலக் குழாய் பதித்தால் வாயின் பரப்பு இருமடங்கன்று, நான்மடங்கு என்பதையும், தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் கொள்ளளவு எண்மடங்காகும் என்பதையும் அறிந்த சிற்றூர்ச் சிறுவனை எந்த வணிகனும் ஏமாற்ற இயலாது.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. கம்பம், உத்தமபாளையம், போடி, தேனி வட்டாரத்துக் கணக்காசிரியர்கள் அளவியல் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே தொடங்கட்டும். ஒரு நாள் வயல். ஒரு நாள் கிணறு. ஒரு நாள் கண்மாய். ஒரு நாள் வாய்க்காலின் குறுக்களவு. அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. அதை எடுத்து, இன்று எத்தனை கோடி கன அடி கூடிற்று, குறைந்தது என்று மாணவன் தன் கையால் கணக்கிடட்டும். பெற்றோர், பிள்ளை பெற்ற மதிப்பெண்ணைக் கேட்பதோடு நில்லாமல், "நம் வீட்டுத் தொட்டி எவ்வளவு கொள்ளும்?" என்று கேட்கட்டும். அக்கேள்விக்குத் தமிழில் விடை சொல்லும் பிள்ளை கணக்கையும் அறிந்தான், மொழியையும் அறிந்தான்.

உரிமைப் போர் தெருவில் மட்டும் நடப்பதன்று, கரும்பலகையிலும் நடக்கிறது. நீரைக் கேட்பவனுக்கு நீரை அளக்கத் தெரிய வேண்டும். பள்ளத்தாக்கின் நாவில் இன்று நிற்கும் மூன்று எண்களோடு இன்னுமோர் எண் சேரட்டும்: 290 கோடி கன அடி. 'எவ்வளவு இழந்தாய்?' என்று உலகம் கேட்கும்போது, 'பத்தடி' என்று சொல்லி நில்லாமல், 'ஒரு போகத்து நெல்' என்று கணக்கோடு சொல்லும் தலைமுறை எழட்டும்!