ஊசியும் இரத்தக் கொதிப்பும்

தடுப்பூசி போட்டுக் கொண்டால் இரத்தக் கொதிப்பு வந்து விடும் என்றும், முன்னமே இருப்பவர்கள் மாரடைத்துச் செத்துப் போவார்கள் என்றும் ஒரு பேச்சு, 2021-ம் வருஷத்தில் கொரோனா ஊசி துவங்கிய காலந்தொட்டு ஊருக்கு ஊர் நடமாடி வருகின்றது. படியாதவர்கள் மாத்திரமல்ல, பட்டம் பெற்றவர்களும் இதைச் சொல்லித் திரிகிறார்கள்.

ஊசிக்குப் பின் இரத்த அழுத்தம் மாறுவதே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. பயந்தவனுக்கும், வலி கண்டவனுக்கும், காய்ச்சல் அடித்தவனுக்கும் நாடி வேகமாய் ஓடி அழுத்தம் சிறிது ஏறும். பெரும்பாலும் தானே இறங்கும். அபூர்வமாய்ச் சிலருக்கு அதிகம் ஏறியதையும் வைத்தியர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். வேறு சிலருக்கோ பயத்தினால் நாடி தளர்ந்து, அழுத்தம் சட்டென விழுந்து மயக்கம் வரும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தெளியும். ஊசி போட்ட இடத்தில் அரைமணி நேரம் உட்கார வைத்தது, ஒவ்வாமையையும் இம்மயக்கத்தையும் கவனிக்கவே அல்லாமல் வேறல்ல.

நிற்க, ஊசிக்குப் பின் நடந்ததெல்லாம் ஊசியால் நடந்ததாகி விடுமா? நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ந் தேதி பலரறிய ஊசி போட்டுக் கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பால் காலமானார். உடனே பழி ஊசியின் மேல் விழுந்தது. சர்க்கார் நிபுணர் குழு விசாரித்து, அம்மரணத்திற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று அதே வருஷத்தில் முடிவு கூறிற்று. அந்த முடிவு எத்தனை பேர் காதில் விழுந்தது? நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. இலட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டால், ஊசியில்லாமலே அவர்களில் சிலருக்கு அன்றோ மறுநாளோ மாரடைப்பு வந்தே தீரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அப்படியானால் ஊசியைக் கண்ணை மூடிக் கொண்டு நம்பச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. கோவிஷீல்டு வகை மருந்தால் மிக அபூர்வமாய் இரத்தம் உறைவதுண்டு என்பது 2021-லேயே வெளியாயிற்று. பல தேசங்கள் அதை இளவயதினருக்குக் கொடுப்பதை நிறுத்தின. அதைக் கண்டுபிடித்தது சோசியனா, வதந்திக்காரனா? நோயாளிகளைப் பரிசோதித்து, போட்டவர்களையும் போடாதவர்களையும் எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தவர்களேயாவர்.

கொரோனாவில் அதிகமாய் மாண்டவர்கள் வயோதிகர்களும், இருதய நோய், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுமே. யாருக்குப் பாதுகாப்பு முதலில் வேண்டுமோ அவர்களையே இந்த வதந்தி வீட்டுக்குள் முடக்கிற்று.

ஆகவே தோழர்களே! எந்த ஊசி போடுகிற நாளானாலும் கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிஷம் அமைதியாய் உட்கார்ந்த பிறகு அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அதிகமிருந்தால் மறுநாளும் அளந்து பாருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே வைத்தியரிடம் போங்கள். வைத்தியர்களும் கேள்வி கேட்பவனை அதட்டாமல் பதில் சொல்லிப் பழக வேண்டும். அவர்கள் வாய் மூடிய இடத்தில்தான் வதந்தி வாய் திறக்கின்றது. ஊசியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள். வதந்தி சொல்ல வருகிறவனையும் அதே கேள்விகளைக் கேட்டு விட்டு அனுப்புங்கள் என்பதே நமது வேண்டுகோள்.