மைனஸ் 20 டிகிரியில் மின்சார கார் ஏன் முடங்குது? பேட்டரிக்குள் உப்பு பார்க்கும் வேலை

2024 ஜனவரி. அமெரிக்காவின் சிகாகோவில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கியது. சார்ஜிங் நிலையங்களில் மின்சார கார்கள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்றன. பிளக்கைச் செருகியும் சார்ஜ் ஏறவில்லை. சில கார்களைக் கட்டி இழுத்துச் செல்ல வேண்டியதாயிற்று. ‘குளிர் நாட்டுக்கு மின்சார கார் சரிப்படுமா?’ என்ற விவாதம் சூடுபிடித்தது.

இதற்கான பதிலில் பெரும்பகுதி, பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில் இருக்கிறது.

அது என்ன திரவம்?

லித்தியம் அயனிகள் இரு மின்முனைகளுக்கு இடையே போய்வர உதவும் எலக்ட்ரோலைட்தான் அது. இந்த பேட்டரியின் மின்னழுத்தத்தைத் தண்ணீர் தாங்காது, சிதைந்துவிடும். அதனால் கார்பனேட் வகை கரிமக் கரைப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் முக்கியமானது எத்திலீன் கார்பனேட். சிக்கல் என்னன்னா, அதன் உருகுநிலையே சுமார் 36 டிகிரி. தேங்காய் எண்ணெய்கூட 24 டிகிரி வாக்கில் உருகிவிடும். இது அறையிலேயே கட்டியாகக் கிடக்கும். ஆனாலும் விட முடியாது. கிராஃபைட் மின்முனை மீது பாதுகாப்புப் படலம் உருவாக இதுதான் உதவுகிறது. எனவே நீர்த்த வேறு கார்பனேட்டுகளைக் கலந்து, லிட்டருக்குச் சுமார் 150 கிராம் லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் உப்பையும் கரைக்கிறார்கள்.

உப்பு என்ன செய்யுது?

மின்னோட்டத்துக்கு அயனிகளைத் தருவது முதல் வேலை. கூடவே உறைதலையும் தடுக்கிறது. ஒவ்வொரு லித்தியம் அயனியும் சுமார் 4 கரைப்பான் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றிப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அவை படிக வரிசையில் எளிதில் சேர முடியாததால் உறைநிலை இறங்குகிறது.

உறைநிலைக்குக் கீழே போனாலும் திரவம் உடனே உறையாது. முதலில் ஒரு ‘விதைப் படிகம்’ உருவாக வேண்டும். அதுவரை திரவமாகவே நீடிப்பதுதான் மீக்குளிர்வு. உப்பு திரவத்தைக் கெட்டியாக்குவதால், மூலக்கூறுகள் மெதுவாகவே நகரும். விதை உருவாவதும் வளர்வதும் தாமதமாகும்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. மீக்குளிர்வு என்பது கடனாக வாங்கிய நேரம். ஆய்வகக் குப்பியில் சில மணி நேரம் உறையாத அதே திரவம், பேட்டரிக்குள் உறையலாம். அங்கே கார்பன் துகள்களின் பரப்பு விதைக்கு இடம் கொடுக்கும்; இரவு முழுக்க வெளியே நிற்கும் கார் அதற்கு நேரமும் கொடுக்கும். படிகம் உருவானால் கரைப்பான் பிரிந்துபோய், மிச்சத் திரவத்தில் உப்பு அடர்த்தி ஏறி, அது இன்னும் கெட்டியாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு: படிகத்தைத் தடுக்கும் அதே கெட்டித்தன்மை, அயனிகளின் ஓட்டத்தையும் தடுக்கிறது. ஆக, கார் முடங்க எலக்ட்ரோலைட் உறைய வேண்டியதே இல்லை, கெட்டியானாலே போதும். அந்த நிலையில் வேகமாக சார்ஜ் ஏற்றினால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேல் உலோகமாகப் படியும். அது ஆபத்து. அதனால்தான் காரின் கட்டுப்பாட்டு மென்பொருள் சார்ஜைக் குறைத்து, மின்சாரத்தை முதலில் பேட்டரியைச் சூடாக்கச் செலவிடுகிறது. வரிசை நீளக் காரணம் இதுவே.

தீர்வு இருக்கா?

2004-ல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளுக்கு, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 3 கார்பனேட்டுகள் கலந்த எலக்ட்ரோலைட்டை உருவாக்கியது. அப்போதும் பேட்டரிக்கு ஹீட்டர் தேவைப்பட்டது. வேதியியல் பாதி, சூடு பாதி என்பதே இன்றைக்கும் நடைமுறை.

கடுங்குளிர் நாடான நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் 10-ல் கிட்டத்தட்ட 9 மின்சார கார்கள். எனவே, குளிரில் மின்சார கார் ஓடாது என்பது சரியல்ல. சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். வாங்குபவர்கள் ‘எத்தனை டிகிரி வரை தாங்கும்?’ என்பதோடு, ‘அந்தக் குளிரில் எத்தனை மணி நேரம் நிறுத்தலாம்?’ என்றும் கேட்பது நல்லது.