கடலுக்குப் போகும் நீர் வீணா?

கடந்த மே மாதம், முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையில் படகேறி, கோரையாற்றின் வழியே அலையாத்திக் காட்டுக்குச் சென்றிருந்தேன். இருகரையிலும் வெண்கண்டல் மரங்கள். சேற்றிலிருந்து விரல்களைப்போல மேலெழுந்து நிற்கும் மூச்சுவேர்கள். இலையைத் தடவி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. படகோட்டி ஒரு கை நீரை அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டு, "ஆத்துத் தண்ணி வந்து ரொம்ப நாளாச்சுங்க ஐயா" என்றார்.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். மேட்டூர் நிரம்பும் ஆண்டுகளில் எல்லாம் "காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று படித்திருக்கிறேன். மேடையில் பேசியும் இருக்கிறேன். அந்தச் சொற்றொடரின் பிழை படகில்தான் புலப்பட்டது.

வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் நீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே, பழையாறு அருகே கடலை அடைகிறது. அலையாத்திக் காடு இருப்பதோ டெல்டாவின் தென்கோடியில். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியதைத்தான் உள்ளூரார் 'லகூன்' என்றழைக்கும் உப்பங்கழியில் சேர்க்கின்றன. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளை உடைத்துக்கொண்டு கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடியபோதும், கடைமடை விவசாயிகள் தண்ணீர் வரவில்லை என்றே முறையிட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுக்கே வராத நீர், அவர்களுக்கும் அப்பால் நிற்கும் மரத்துக்கு எப்படி வரும்?

கலிஃபோர்னியக் கடற்கரையின் ரெட்வுட் மரங்கள் மழையற்ற கோடையில் கடலிலிருந்து எழும் மூடுபனியைப் பருகி ஈராயிரம் ஆண்டுகள்கூட வாழ்கின்றன. அங்கே கடலே நன்னீர் தருகிறது. இங்கே அதைத் தரவேண்டியது காவிரி. உப்பைத் தாங்கும் மரம்தான் அலையாத்தி. ஆனாலும் நன்னீர் குறையக் குறைய அதன் வளர்ச்சி குன்றுகிறது, உப்பை அவ்வளவாகத் தாங்காத பிற இனங்கள் மறைகின்றன. முத்துப்பேட்டையில் ஏறக்குறைய வெண்கண்டல் மட்டுமே நிற்பது தற்செயல் அல்ல. வனத்துறையினர் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, பட்டுப்போன பரப்பிலும் மரங்களை வளர்த்தது பாராட்டுக்குரியது. ஆனால், அந்த வாய்க்கால்கள் உள்ளே கொண்டுவருவது கடலின் ஓத நீரை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தென்னந்தோப்புகளைச் சாய்த்ததோடு இந்தக் காட்டையும் மொட்டையாக்கியது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்பார்கள். புயலை முதலில் வாங்கிக்கொள்ளும் மரத்துக்கு நாம் ஒதுக்கியிருப்பது என்ன?

ஒதுக்கியிருக்கிறோம், ஏட்டளவில். காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்கவியலாமல் கடலில் கலப்பதற்கு 4 டி.எம்.சி.யும் வைத்தது. 2018 பிப்ரவரியில் கர்நாடகம் தமிழகத்துக்குத் தரவேண்டிய நீரை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்த உச்ச நீதிமன்றம் அந்த 14 டி.எம்.சி.யைத் தொடவில்லை. நம் பங்கில் குறைந்த 14.75 டி.எம்.சி.யைப் பற்றி நாள்கணக்கில் வாதிட்ட நாங்கள், இந்த 14 பற்றி ஒரு கூட்டத்திலும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

குறுவை காயும்போது காட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்பவன் டெல்டாவில் தலைகாட்ட முடியாது. நானும் அதைச் சொல்லவில்லை. உபரி நீர் வரும் ஆண்டுகளில், கொள்ளிடத்தில் திருப்பப்படுவதில் ஒரு பகுதியையாவது வெண்ணாற்றின் கடைசிக் கதவணைவரை கொண்டுவர முடியும். அதற்கு ஆறுகளைக் கடைக்கோடிவரை தூர்வார வேண்டும். கடைமடை விவசாயி ஆண்டாண்டாகக் கேட்பதும் அதைத்தான். அலையாத்திக் காடு அவருக்குப் போட்டியாளர் அன்று. அவருக்கு அடுத்த பாசனதாரர்.

கரைக்குத் திரும்பும்போது, "மேட்டூரை எப்ப தொறக்கிறாங்க?" என்று கேட்டார் படகோட்டி. அவருக்கு நிலமில்லை, மீன்பிடிதான் தொழில். தண்ணீர் இருந்தால் வழக்கம்போல ஜூன் 12 என்றேன். "இங்க எப்ப வரும்?" என்றார்.