ஒன்றாகப் பூக்காத பூங்கொத்து

தேக்கா பக்கம் போனால் கேம்பல் லேன் பூக்கடை முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். மல்லிகை, ரோஜா, செண்டுமல்லி, ஆர்க்கிட் எல்லாம் ஒரே மேசையில் கிடக்கும். மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும். பனிக்காலத்தில் அங்கே வரத்துக் குறைந்தால் இங்கே முழம் விலை ஏறும். வெவ்வேறு மண்ணில் பூத்தவற்றைக் குளிர்பெட்டியும் விமானமும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகின்றன.

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர்கள் இரண்டும் இல்லாமலேயே இதைச் செய்தார்கள். அவர்களின் தைலவண்ண ஓவியங்களில் ஒரே ஜாடிக்குள் துலிப், ரோஜா, செண்டுமல்லி எல்லாம் இருக்கும். அந்த ஊரில் துலிப் பூப்பது ஏப்ரல், மே மாதங்களில். செண்டுமல்லி பூக்கும்போது துலிப் செடி வாடி, கிழங்கு மட்டும் மண்ணில் கிடக்கும். ஓவியர் ஒவ்வொரு பூவையும் அதன் பருவத்தில் பார்த்துத் தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு ஓவியத்தில் சேர்த்தார். அப்படியொரு பூங்கொத்தை யாரும் கையில் பிடித்ததே இல்லை.

அப்படியானால் அந்த ஓவியம் பொய்யா? பாதிதான் என்பேன். நாள்காட்டியாகப் பார்த்தால் பொய். ஆனால் ஒரு துலிப்பை மட்டும் உற்றுப் பாருங்கள். வெள்ளை இதழில் தீ நாக்குகள் போலச் சிவப்புக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளுக்காகவே அன்று ஒரு கிழங்குக்குப் பெரும் விலை கொடுத்தார்கள். 1637இல் அந்தச் சந்தை சரிந்தது. கோடுகளுக்குக் காரணம் அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் என்பதை 1928இல்தான் டோரதி கேலி என்ற ஆய்வாளர் காட்டினார். காரணம் தெரியாத ஓவியர்கள் நோயின் அறிகுறியை அத்தனை துல்லியமாகப் பதிந்திருக்கிறார்கள். இன்று நாம் ஓவியத்தைப் பார்த்தே அந்தச் செடிக்கு என்ன நோய் என்று சொல்ல முடிகிறது.

அந்தத் துல்லியம் சும்மா வரவில்லை. 1664இல் பிறந்த ராகெல் ரைஷ் என்ற பெண் ஓவியரின் தந்தை தாவரவியல் பேராசிரியர். அவர் சேகரித்த செடிகள், பூச்சிகளுக்கு நடுவே வளர்ந்த ராகெல், ஏறக்குறைய உங்கள் வயதில், 15இல், ஓர் ஓவியரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 80 வயது தாண்டியும் வரைந்து கையெழுத்திட்டார்.

கையெழுத்து என்றதும் எனக்கு ஓர் ஆதங்கம். டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்த மலாக்காவில், பின்னர் சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் ஆன வில்லியம் ஃபர்குவார் இவ்வட்டாரச் செடிகளையும் விலங்குகளையும் படமாக வரையச் செய்தார். அந்த 477 நீர்வண்ணப் படங்களும் இன்று நம் தேசிய அரும்பொருளகத்தின் சொத்து. வரையச் சொன்னவர் பெயர் தொகுப்புக்கே பெயராகிவிட்டது. வரைந்தவர்கள் சீனர்கள் என்று கருதப்படுகிறது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

இந்த வகைத் தாவரப் படங்களிலும் பூவும் பழமும் ஒரே தாளில் வரும். அங்கே அது ஏமாற்று இல்லை. செடியின் வாழ்க்கையை ஒரே பார்வையில் காட்டும் உத்தி.

"கைத்தொலைபேசி இருக்கும்போது உயிரியல் நோட்டில் எதற்கு வரைய வேண்டும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. புகைப்படம் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். வரையும்போதோ மகரந்தத் தாள்கள் எங்கிருந்து கிளம்புகின்றன, காம்பில் முடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தாக வேண்டும். பார்க்காமல் கோடு போட முடியாது. வரைவதைப் பள்ளிகள் கைவிடக்கூடாது என்பேன். புத்தகப் படத்தைப் பார்த்து நகலெடுப்பதை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

உங்கள் புளோக் கீழே செம்பருத்தி இருந்தால் இன்று மாலை ஒரு மொட்டை வரையுங்கள். நாளைக் காலை அதே பூ விரிந்திருக்கும், மறுநாள் சுருங்கியிருக்கும். மூன்றையும் ஒரே தாளில் வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதியும் நேரமும் எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். காய்க்கு இடம் விட வேண்டாம். தோட்டச் செம்பருத்தி காய்ப்பது மிக அரிது.